எழுத்து ஓடும் நேரம்

சென்ற இதழில் வீட்டு வாடகையைப் பற்றி எழுதியிருந்தோம். வாடகையும் குறையவில்லை, எங்கள் கோபமும் குறையவில்லை. ஆனாலும் மாதம் தவறாமல் அதையே எழுதினால் நீங்கள் பக்கத்தைத் தட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். ஆகையால் இம்முறை பிள்ளைகளோடு இருந்து படம் பார்த்த கதையைச் சொல்லப்போகின்றோம்.

இப்போதைய தொலைக்காட்சியில் படம் தொடங்கியவுடன் மூலையில் ஒரு பொத்தான் வருகின்றது. அறிமுகத்தைத் தாண்டு என்று அதில் டொச்சில் எழுதியிருக்கும். எங்கள் மூத்தவனுக்குப் பத்து வயது. அந்தப் பொத்தான் வர முன்னமே அவனுடைய விரல் அங்கு போய்விடும். "அப்பா, இது சும்மா எழுத்து. இனித்தான் கதை துவங்குது" என்பான்.

சும்மா எழுத்தாம்! நாங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகளாய் இருந்தபோது மின்சாரம் இல்லை. யாராவது வீட்டில் விசேஷம் என்றால் ஜெனரேற்றரும் வீடியோவும் வாடகைக்கு எடுத்து முற்றத்தில் படம் போடுவார்கள். மண்ணெண்ணெய் முடியும்வரை படம் ஓடும். அடுத்தநாள் பள்ளிக்கூடத்தில் ஒரே கேள்விதான்: "எழுத்திலயிருந்து பார்த்தனியோ?" எழுத்து ஓடி முடிந்தபின் வந்து குந்தியவன் முழுப்படம் பார்த்தவர்களின் கணக்கில் இல்லை.

இதில் இன்னொரு விடயமும் இருக்கின்றது. சொல்ல வெட்கம்தான், ஆனால் எங்களைப்போல் இந்தப் பக்கத்தை வாசிக்கின்ற பலருக்கும் இது தெரிந்த வெட்கம். நாங்கள் இங்கு வந்து பன்னிரண்டு வருடமாகின்றது. தொழிற்சாலையில் பேசுகின்ற டொச் வேறு. நிறுத்து, பெட்டி முடிந்தது, மெசின் பழுது, இடைவேளை, நாளைக்கு இரவு வேலை. அந்த டொச்சை வைத்துக்கொண்டு பிள்ளைகளின் படத்தில் ஒரு முயல் வேகமாகப் பகிடி விட்டால் எங்களுக்கு விளங்காது. பிள்ளைகள் சிரிப்பார்கள், நாங்களும் சிரிப்போம். என்ன சொன்னது என்று கேட்டால் மூத்தவன் "பிறகு சொல்றன் அப்பா" என்பான். பிறகு சொல்ல மாட்டான். அலுவலகக் கடிதத்தையும் அவன்தான் வாசித்துச் சொல்கிறான், வைத்தியரிடமும் அவன்தான் பேசுகிறான். வீட்டில் யார் பெரியவர் என்பது சில நாட்களில் குழம்பிவிடுகின்றது.

எழுத்து ஓடுகின்ற அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் அனேகமாக ஒருவரும் பேசுவதில்லை. இசை இருக்கும், நிறம் இருக்கும், ஏதோ ஒன்று அசையும். அந்த நேரத்தில் அவனுக்கு விளங்குவது முழுக்க எங்களுக்கும் விளங்கும். சில வேளை கூடவும் விளங்கும்.

இதை நாங்கள் கண்டுபிடித்தது 2001இல் வந்த மொன்ஸ்ரர்ஸ் இன்க் என்ற படத்தில். பிக்சார் நிறுவனம் முழுக்கக் கணினியில் செய்த படம். ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக அசைகின்ற அளவுக்கு அதில் வேலை செய்திருக்கிறார்கள். ஆனால் தொடக்கத்தில் எழுத்து ஓடுகின்றபோது அப்படி ஒன்றுமில்லை. கத்தரிக்கோலால் நிறக் கடதாசி வெட்டி ஒட்டியதுபோலத் தட்டையான கதவுகள். ஒரு கதவு திறக்கும், உள்ளே பல்லு. இன்னொன்று திறக்கும், உள்ளே கண். கதவு மூடும், திரும்பத் திறந்தால் ஒன்றுமில்லை. ராண்டி நியூமனின் ஜாஸ் இசை பின்னால் துள்ளிக்கொண்டு போகும். பிராணிகள் எழுத்தோடும் விளையாடும்.

அன்று மூத்தவனின் கையிலிருந்த றிமோட்டைப் பறித்துவிட்டு, "பொறு, இந்தப் படம் எதைப் பற்றியது என்று அப்பா இப்பவே சொல்லிவிடுகிறேன்" என்றோம். கதவுக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று இரவில் பிள்ளைகள் பயப்படுகின்ற கதை. ஆனால் இசையைக் கேள், அது பயப்படுத்துகின்ற இசையா? இல்லை. ஆகவே அந்தப் பிராணிகள் கெட்டவை அல்ல. கடைசியில் சிரிப்பாகத்தான் முடியும். ஒன்றரை மணித்தியாலம் கழித்து அப்படியே முடிந்தது. படம் முழுக்க ஒரு தொழிற்சாலைக் கதை என்பதும், பிராணிகள் சாப்பாட்டுப் பெட்டியோடு வேலைக்குப் போய், நேரம் பார்த்து, எண்ணிக்கை கூட்டிப் பிள்ளைகளின் அலறலைச் சேகரிக்கின்றன என்பதும், அங்கு பொருளாக ஓடுவது அந்தக் கதவுகள்தான் என்பதும் எங்களுக்கு மேலதிக லாபம். எங்கள் தொழிற்சாலையிலும் மேலே கம்பியில் கொழுவி அப்படித்தான் சாமான் ஓடுகின்றது. மூத்தவன் எங்களைப் பார்த்த பார்வையை இங்கு எழுதத் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் இதைப்பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கினோம். ஓ.எல்லோடு படிப்பை விட்டவர்கள் நாங்கள், ஆனால் பிடித்த விடயம் என்றால் விடமாட்டோம்.

முந்தி அமெரிக்காவில் படத்தின் தொடக்க எழுத்து என்றால் ஒரு அட்டையில் பெயர்களை எழுதிக் காட்டுவதுதான். சனங்கள் இருக்கை தேடுவார்கள், கதைப்பார்கள். திரைச்சீலை திறக்க முன்னமே அதன் மேல் எழுத்தை ஓடவிட்ட தியேட்டர்களும் இருந்தன. சோல் பாஸ் என்ற நியூயோர்க்காரர் இதை மாற்றினார். 1955இல் வந்த ஒரு படம், போதைப் பொருளுக்கு அடிமையான ஒருவனின் கதை. கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடுகள் வரும், போகும், நெருக்கும். கடைசியில் அவை சேர்ந்து வளைந்து உடைந்த ஒரு கையாக மாறும். நடிகரின் முகம் இல்லை, ஊசி இல்லை, ஒன்றுமில்லை. அந்தக் கையைக் கண்டவுடன் சனத்துக்கு விளங்கிவிடும். சீலையைத் திறந்துவிட்டு எழுத்தை ஓட்டவும் என்று பிலிம் பெட்டியோடு தியேட்டர்காரருக்குக் குறிப்புப் போனதாம். மொன்ஸ்ரர்ஸ் படத்தின் கடதாசிக் கதவுகளைச் சோல் பாஸின் காலத்துப் பாணியில்தான் வேண்டுமென்று செய்திருக்கிறார்கள்.

இந்த வேலையில் படம் முழுவதையும் விழுங்கிவிட்ட எழுத்தும் உண்டு. 1963இல் வந்த பிங்க் பாந்தர் என்ற படத்தில் அந்தப் பெயர் ஒரு வைரக் கல்லுக்குரியது. உள்ளே நடிப்பவர்கள் எல்லாம் மனிதர்கள். ஆனால் தொடக்கத்தில் ஃபிரிஸ் ஃபிறெலெங்கின் ஆட்கள் ஒரு ரோஸ் நிறச் சிறுத்தையை வரைந்து, ஹென்றி மன்சினியின் சக்சபோன் இசைக்குப் பூனைபோல நடக்கவிட்டார்கள். அது எழுத்துகளைக் குழப்பும், சிகரெட் பிடிக்கும். படத்தைவிடச் சிறுத்தை பெரிய ஆளாகிவிட்டது. அதற்கென்று தனியாகச் சிறு படங்கள் செய்தார்கள், முதலாவதுக்கே ஒஸ்கார் கிடைத்தது. எங்கள் சின்னவள் அந்தப் பெரிய படத்தை அரை மணித்தியாலம் பார்த்துவிட்டு, சிறுத்தை எப்ப வரும் என்று அழுதாள். நாங்களும் அவள் கட்சிதான். எழுத்து முடிந்த பின்னால் அந்தப் படத்தில் எங்களுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை.

1961இல் டிஸ்னியின் நூற்றியொரு டால்மேஷியன் நாய்களின் கதையில் புள்ளிதான் எழுத்தோட்டம். வெள்ளைத் திரையில் கறுப்புப் புள்ளி விழும், பெருகும். இசையமைத்தவரின் பெயர் வரும்போது அதே புள்ளிகள் இசைக்குறிப்பாக மாறும், பிறகு மைத்துளியாகச் சிந்தும். பார்க்கச் சிரிப்பு. அந்தப் புள்ளிகளுக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலைச் செய்தி இருக்கின்றது. அதுவரை ஓவியர்கள் பென்சிலால் வரைந்ததை, கண்ணாடிபோன்ற தாளில் பெண்கள் மையால் ஒவ்வொன்றாகக் கையால் பிரதி எடுத்தார்கள். இந்தப் படத்தில்தான் முதன்முதலாக முழுநீளத்துக்கும் சிரொக்ஸ் மெசினால் பிரதி எடுத்தார்கள். இத்தனை புள்ளி நாய்களைக் கையால் செய்து கட்டாது. மெசின் வந்தது, மை போட்ட பெண்களில் பெரும்பாலோருக்கு வேலை போனது. எங்கள் மூன்றாம் இலக்க லைனில் பெட்டி மடிக்கும் மெசின் வந்தபோது நடந்ததும் இதுதான்.

அந்தப் பெண்களைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும். 1937இல் டிஸ்னியின் முதலாவது முழுநீளப் படமான சினோ வைற் வந்தபோது, நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் அதற்கு மையும் வர்ணமும் போட்டிருந்தார்கள். திரையில் அவர்களின் பெயர் வரவில்லை. அதற்கு முந்திய சின்னப் படங்களில் பெரும்பாலும் முதலாளியின் பெயர் மட்டும்தான் பெரிதாக நிற்கும், வரைந்த ஆண்களின் பெயருமில்லை. 1941 மே மாத இறுதியில் ஓவியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். செப்டம்பர் வரைக்கும் இழுபட்டது. சம்பளம், தொழிற்சங்கம் என்பவற்றோடு திரையில் பெயர் போடவேண்டும் என்பதும் அவர்களின் குறைகளில் ஒன்று. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். படம் ஒரு விநாடிக்கு 24 சட்டம் ஓடும். இரண்டு நிமிட எழுத்தோட்டத்துக்கு 2,880 சட்டம். ஒரு படத்தை இரண்டு சட்டத்துக்கு வைத்தாலும் 1,440 படம் வரையவேண்டும். அதைக் கையால் செய்தவன் தன்னுடைய பெயரைக் கேட்டால் அது ஆசையா, கூலியா?

இப்போது கடைசியில் ஆயிரக்கணக்கில் பெயர் ஓடுகின்றது. பிக்சார் படங்களில் 1995இன் ரோய் ஸ்ரோறி தொடக்கம், படம் செய்த காலத்தில் வேலைகாரருக்குப் பிறந்த பிள்ளைகளின் பெயரைக்கூடப் போடுகிறார்கள். நாங்கள் செய்கின்ற போத்தல் மூடிகளில் எங்கள் பிள்ளைகளின் பெயரைப் போட்டால் எப்படியிருக்கும் என்று இடைவேளையில் சொன்னோம். துருக்கி நண்பர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, தன்னுடைய மூன்று பிள்ளைகளின் பெயரும் ஒரு மூடியில் பிடிக்காது என்றார்.

பெயரே போடாமல் தொடங்கியும் ஒரு படம் எங்களைப் பிடித்துக்கொண்டது. 1994 யூனில் வந்த லயன் கிங். இருட்டு, பின் ஒரு மனிதக் குரல் கூவும், அந்தக் கூவலோடு சூரியன் எழும்பும். யானையும் மானும் பறவையும் ஒரே திசையில் போகும். ஒரு பெயரும் இல்லை. நாலு நிமிடமளவில், குட்டியைத் தூக்கிக் காட்டிய பிறகு, ஒரு பறையடியோடு திரை கறுத்துப் படத்தின் பெயர் விழும். அவ்வளவுதான். பிள்ளைகள் எத்தனை தரம் பார்த்தாலும் அந்த அடியில் தோளைச் சுருக்குவார்கள், நாங்களும்தான். பிறப்பு, வரிசை, மரியாதை, பின்னர் திடீரென்று கறுப்பு. அந்தக் குட்டிக்கு என்ன நடக்கப்போகிறது என்பதை அந்தக் கறுப்பு சொல்லிவிடுகிறது.

அந்தக் கூவல் சுலு மொழி, சிங்கத்தின் வரவைச் சொல்வது. கூவியவர் லெபோ எம். தென்னாபிரிக்காவில் சொவெற்றோவில் பிறந்து, நிறவெறி ஆட்சிக் காலத்தில் இளம் வயதிலேயே நாட்டைவிட்டு வெளியேறி, அமெரிக்காவில் வாழ்ந்தவர். பிராங்பேர்ட்டில் பிறந்த ஹான்ஸ் சிம்மர்தான் அந்தப் படத்துக்கு இசையமைத்தவர், அவர்தான் இவரைச் சேர்த்தார். துரத்தப்பட்ட ஒரு பிள்ளை தன் நிலத்துக்குத் திரும்புகின்ற கதைக்கு, துரத்தப்பட்ட ஒருவர் தன் மொழியில் கூவியிருக்கிறார். தென்னாபிரிக்காவில் எல்லோரும் வாக்களித்த முதல் தேர்தல் அதே வருடம் ஏப்ரலில் நடந்தது. அந்தக் குரலில் இருப்பது நடிப்பல்ல என்று எங்களுக்கு ஆரம்பத்திலேயே தோன்றியது. காரணம் பிறகுதான் கிடைத்தது.

சுலு என்றவுடன் ஞாயிறு காலை நிகழ்ச்சி ஒன்றையும் சொல்லவேண்டும். அது சினிமா அல்ல, ஆனாலும் தொடக்கம்தானே. 1971 முதல் இந்த நாட்டுத் தொலைக்காட்சியில் வருகின்ற மவுஸ் நிகழ்ச்சியை உங்கள் பிள்ளைகளும் பார்ப்பார்கள், செம்மஞ்சள் எலி. தொடக்கத்தில் இன்றைக்கு என்னென்ன காட்டப்போகிறோம் என்று முதலில் டொச்சில் சொல்வார்கள். பிறகு அதையே வேறொரு நாட்டு மொழியில் சொல்லிவிட்டு, அது என்ன மொழி என்று அறிவிப்பார்கள். இங்கு கூலிக்கு வந்த துருக்கி, இத்தாலி ஆட்களின் பிள்ளைகளை நினைத்துத் தொடங்கியதாம். எலியோ ஒரு மொழியும் பேசாது, கண்ணை மட்டும் டிக் டிக் என்று தட்டும். தமிழ் வருமா என்று எங்கள் சின்னவள் ஞாயிறு தவறாமல் காத்திருக்கிறாள்.

சிலருக்கு எழுத்து ஓடத் தொடங்கியதும் படம் முடிந்துவிட்டது என்ற எண்ணம். 2008இல் வந்த வோலி படத்தைக் கடைசிவரை பாருங்கள். குப்பையால் நிரம்பிய பூமியைவிட்டு விண்கப்பலில் போன மனிதர்கள், பல நூறு வருடம் கழித்துத் திரும்பி வந்து இறங்குவதோடு கதை நிற்கின்றது. திரும்பி வந்தவர்கள் எப்படிச் சீவித்தார்கள்? அதைச் சொல்வது எழுத்துத்தான். முதலில் குகையில் கீறிய படம்போல, பிறகு எகிப்தியச் சுவர்போல, பிறகு வான்கோ வரைந்ததுபோல, மனிதர் கிணறு வெட்டுவதும் நடுவதும் மீன்பிடிப்பதுமாக ஓடும். ஒரு பழைய சப்பாத்துக்குள் இருந்த சின்னச் செடி கடைசியில் பெரிய மரமாக நிற்கும், அடியில் வேருக்குள் அந்தச் சப்பாத்து. திரும்பிப் போய் முதலில் கிணற்றைத் துப்புரவாக்கியவர்களை எங்கள் குடும்பத்திலும் தெரியும்.

ஒரு படத்தை மட்டும் வீட்டில் இரண்டாம் முறை போடவில்லை. ஈரான் நாட்டு மர்ஜான் சத்ராபி தன் கதையைத் தானே வரைந்து, வின்சென்ற் பரோனோவுடன் சேர்ந்து 2007இல் செய்த பெர்செபொலிஸ். பெற்றோர் யுத்தத்துக்குப் பயந்து பதினாலு வயதில் வியன்னாவுக்கு அனுப்பிவிட்ட பிள்ளையின் கதை. தொடக்கத்தில் எழுத்தோடு மல்லிகைப் பூக்கள் மிதந்து போகும். ஏன் பூ என்று அப்போது விளங்காது. பேத்தியார் தினமும் காலையில் மல்லிகை பிடுங்கி மார்ச்சட்டைக்குள் வைப்பவர் என்பது உள்ளே வரும். முடிவில் கறுப்புத் திரையில் திரும்பவும் பூ விழும். பிள்ளைகளின் அம்மா அந்த இடத்தில் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டா. அவவின் தாயாரின் வீட்டு வாசலிலும் மல்லிகைப் பந்தல்தான்.

கடைசியாக, எங்கள் சின்னவளின் படம். ஜப்பானியரான மியாசாகி 1988இல் செய்த தொத்தோரோ. அது தியேட்டருக்கு வந்தபோது, யுத்தத்தில் அநாதையான அண்ணனும் தங்கையும் பட்டினியால் சாகின்ற இன்னொரு படத்தையும் சேர்த்தே ஓட்டினார்களாம். அந்தப் படத்தில் பையன் இறந்த பிறகுதான் படத்தின் பெயரே வருகின்றது. அதைப் பிள்ளைகளுக்குக் காட்ட எங்களுக்குத் துணிவில்லை. தொத்தோரோ அப்படியல்ல. தொடக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளை கையை வீசி வீசி நடந்துகொண்டே இருக்கும். சுற்றிவரப் பூச்சியும் ஊர்வனவும். பிள்ளை ஒன்றுக்கும் பயப்படாது. காட்டுக்குள் நிற்கின்ற பெரிய பிராணியும் இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் செய்யாது என்பது அந்த நடையிலேயே தெரியும்.

கதையில் இரண்டு சகோதரிகளின் தாய் ஆஸ்பத்திரியில் இருக்கிறா. மியாசாகியின் தாயாரும் அவர் சிறுவனாக இருந்தபோது காசநோயால் வருடக்கணக்காகப் படுக்கையில் இருந்தவர். படம் முடியும்போது பிள்ளைகள் ஒரு மரத்தில் இருந்து, ஆஸ்பத்திரி யன்னலூடாகத் தாயைப் பார்க்கிறார்கள். தாய் சிரிக்கிறா. பிறகு பாட்டும் எழுத்தும். அந்த இடத்தில் நாங்கள் எப்போதும் நிறுத்திவிடுவோம். இரவு எட்டு மணி, பிள்ளைகள் படுக்கவேண்டும், எங்களுக்குப் பத்து மணிக்கு வேலை. இப்படியே இரண்டு வருடம்.

போன மாரியில் பிள்ளைகளின் அம்மம்மா யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தா. எங்கள் நீலப் பயணப் பத்திரத்தில் என்ன அடித்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எல்லா நாட்டுக்கும் போகலாம், பிறந்த நாட்டைத் தவிர. பிள்ளைகளின் அம்மா ரெலிபோனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்த நாட்கள் அவை.

அந்த நாட்களில் ஒரு மாலை சின்னவள் தொத்தோரோ பார்த்துக்கொண்டிருந்தாள். படம் முடிகின்ற நேரம் றிமோட் எங்கோ கதிரைக்குக் கீழே விழுந்துவிட்டது. நாங்கள் தேடிக்கொண்டிருக்க எழுத்து ஓடியது. எழுத்தோடு சின்னச் சின்னப் படங்கள். தாய் வீட்டுக்கு வந்து சேர்கிறா. பிள்ளைகள் ஓடி வருகிறார்கள். படுக்கையில் இரண்டு பக்கமும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு புத்தகம் வாசிக்கிறா. இரண்டு வருடமாய் எங்கள் வீட்டில் ஆஸ்பத்திரியிலேயே இருந்த தாய்!

"அம்மா வந்திட்டா! அம்மா வந்திட்டா!" என்று சின்னவள் கத்தினாள்.

குசினியிலிருந்து ஈரக் கையோடு ஓடி வந்தா பிள்ளைகளின் அம்மா. "ஆர்? ஆர் வந்தது?"

மூத்தவன் டொச்சில் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் தள்ளி இருந்து தாயாருக்கு இடம் விட்டான். எழுத்து முடியுமட்டும் ஒருவரும் எழும்பவில்லை. பிறகு யாழ்ப்பாணத்துக்கு எடுத்தோம். அங்கு இரவு பன்னிரண்டரை. மச்சாள் எடுத்தா. அம்மா இப்பதான் நித்திரை, காலமை எடுங்கோ என்றா.